சண்டை மீனும் அமோனியா வாசமும்

"சித்தப்பா, மீனோட வாலு கரைஞ்சிக்கிட்டே போகுது. நேத்த விட இன்னைக்குச் சின்னதா இருக்கு."

அண்ணன் மகள் அனுப்பிய குரல் பதிவு. அண்ணன் வீடு கமுந்திங்கில். பாசார் மாலாமில் வாங்கிய சண்டை மீன் அது. மறுநாள் போய்ப் பார்த்தேன். ஊறுகாய்ப் போத்தல் அளவில் ஒரு கண்ணாடிக் குடுவை. ஒரு லிட்டர் தண்ணீர்கூடப் பிடிக்காது. அடியில் நீலக் கற்கள், நடுவில் ஒரு பிளாஸ்டிக் செடி. கருநீல மீன் அந்தச் செடியில் சாய்ந்தபடி அசையாமல் கிடந்தது. வால் துடுப்பின் ஓரம் தீயில் காட்டிய துணிபோலக் கறுத்துச் சுருங்கி, இடையிடையே கிழிந்திருந்தது.

அண்ணன் சிரித்தார். "இதுக்குப் போயி இவ்ளோ தூரம் வந்தியாடா? சண்ட மீனுதானே. சாக்கடையிலயே கெடக்கும். அதுக்கு இது போதும்."

அவர் தப்பாக ஒன்றும் சொல்லவில்லை. நாங்கள் இருவரும் சிறுவயதில் சண்டை மீனைச் சாக்கடையில்தான் பிடித்தோம். ஆனால் 'அதுக்கு இது போதும்' என்ற அந்த வாக்கியம் எங்கேயோ குத்தியது. அதை நான் வேறு இடத்தில், வேறு உயிர்களைப் பற்றிக் கேட்டிருக்கிறேன். அது எப்படி வந்தது, எவ்வளவு உண்மை என்று தேடிப்பார்த்ததைத்தான் இங்கே எழுதுகிறேன். மீன் வளர்க்காதவர்களுக்கும் இதில் கொஞ்சம் விஷயம் இருக்கும்.

கமுந்திங் என்றால் மலேசியத் தமிழர்களுக்கு முதலில் ஞாபகம் வருவது தடுப்பு முகாம்தான். 2007 டிசம்பரில் இண்ட்ராஃப் தலைவர்கள் ஐந்து பேரை இசா சட்டத்தின் கீழ் அங்கேதான் கொண்டுபோய் வைத்தார்கள். 2012-ல் அந்தச் சட்டம் போனது. ஊர்ப் பெயரிலிருந்து அந்த நிழல் இன்னும் முழுதாகப் போகவில்லை. அதற்கு முன்னால் கமுந்திங் ஈயத்தின் ஊர். 1840களின் கடைசியில் லோங் ஜாபார் லாருட்டில் ஈயம் எடுக்க ஆரம்பித்த பிறகு இரண்டு பெரிய சுரங்க வட்டாரங்கள் உருவாகின. ஒன்று கிளியான் பாவ், இன்றைய தைப்பிங். இன்னொன்று கிளியான் பாரு, இன்றைய கமுந்திங். முதலாவதில் ஹாய் சான் கூட்டம், இரண்டாவதில் கீ ஹின் கூட்டம். 1861-ல் இரண்டு தரப்புக்கும் மூண்ட முதல் லாருட் சண்டைக்குக் காரணமாகச் சொல்லப்படுவது தங்கமோ பெண்ணோ அல்ல, ஒரு நீர்க்கால். சுரங்கத்துக்குத் தண்ணீர் கொண்டுவரும் வாய்க்கால் யார் கையில் இருப்பது என்ற தகராறு. அதில் கிளியான் பாருவிலிருந்து கீ ஹின்காரர்கள் விரட்டப்பட்டார்கள். அப்படித் தொடங்கிய சண்டைகள் ஓய்ந்து ஓய்ந்து 1874 பாங்கோர் ஒப்பந்தம் வரை போயின. அந்த ஒப்பந்தத்தைப் பிடித்துக்கொண்டுதான் பிரிட்டிஷார் பேராக்கின் உள்ளே நுழைந்தார்கள்.

ஆக இந்த ஊரின் வரலாறு தண்ணீரில் ஆரம்பிக்கிறது. ஈயம் தோண்டிய பள்ளங்களில் மழைநீர் தேங்கிக் குட்டைகள் ஆயின. பக்கத்திலிருக்கும் தைப்பிங் ஏரிப் பூங்காவே 1880களில் பழைய சுரங்கக் குட்டைகளைத் திருத்தி உண்டாக்கியதுதான். ஆண்டுக்கு ஏறக்குறைய 4000 மில்லிமீட்டர் மழை பெய்கிற வட்டாரம். பின்னால் நிற்கும் பிந்தாங் மலைத்தொடர் கருங்கல் மலை. அதிலிருந்து இறங்கும் தண்ணீரில் சுண்ணாம்புச் சத்து குறைவு, மெல்லிய நீர். ஊருக்குப் பெயர் தந்ததாகச் சொல்லப்படும் கெமுந்திங் செடியும் சத்தில்லாத, புளித்த மண்ணில் வளர்வது. நீலகிரிப் பக்கம் அதையே தவிட்டுக் கொய்யா என்கிறார்கள். ஈப்போ பக்கம் போனால் கதை வேறு. அங்கே சுண்ணாம்புக்கல் குன்றுகள்; தண்ணீர் கடினமாகும். ஒரே மாநிலம், இரண்டு விதத் தண்ணீர். மீன் விஷயத்தில் இந்த வித்தியாசம் முக்கியம். பிறகு அதற்கு வருகிறேன்.

இனி மீன். சண்டை மீனுக்கு அறிவியல் பெயர் வந்த கதையில் பினாங்கும் இருக்கிறது, ஒரு தவறும் இருக்கிறது. தியோடர் கேன்டர் ஒரு டேனிஷ்காரர், கிழக்கிந்தியக் கம்பெனியின் மருத்துவர், பினாங்கில் வேலை பார்த்தவர். சயாம் அரசரின் நண்பர் ஒருவர் மூலம் 1840-ல் அவருக்குச் சில சண்டை மீன்கள் கிடைத்ததாகச் சொல்வார்கள். 1849-ல் மலாயா மீன்களைப் பட்டியலிட்டபோது, பினாங்கில் கண்ட ஒரு மீனையும் சயாமியரின் பந்தய மீனையும் ஒன்றாகவே கருதி 'பக்னாக்ஸ்' என்று பெயர் வைத்தார். லத்தீனில் சண்டைக்காரன் என்று பொருள். சயாமில் மக்கள் இந்த மீன் சண்டையில் பித்துப் பிடித்துப் பணத்தை மட்டுமல்ல, சமயத்தில் தங்களையும் குடும்பத்தையும்கூடப் பணயம் வைத்தார்கள் என்றும், மீன் சண்டை நடத்தும் உரிமத்தால் அரசருக்கு வருமானம் வந்தது என்றும் எழுதி வைத்திருக்கிறார்.

அறுபது வருடம் கழித்து லண்டன் அருங்காட்சியகத்தில் சார்ல்ஸ் டேட் ரீகன் இதைச் சரிபார்த்தார். இரண்டும் வேறு வேறு இனம் என்று கண்டுகொண்டார். பினாங்கு மீனுக்குப் பழைய பெயரே நின்றது. சயாம் மீனுக்கு 1910-ல் 'பெட்டா ஸ்பிளெண்டன்ஸ்' என்ற புதுப் பெயர் கிடைத்தது. வேடிக்கை என்னவென்றால், சண்டைக்காரன் என்ற பட்டம் கடைசியில் மலையோடைகளில் வாழ்ந்து, முட்டைகளை வாயிலேயே வைத்து அடைகாக்கும் ஒரு சாதுவான மீனிடம் போய்ச் சேர்ந்துவிட்டது.

நாங்கள் வாய்க்காலில் பிடித்தது இந்த இரண்டுமே அல்ல. மலாய்க்காரர்கள் ஈக்கான் லாகா என்று சொல்லும் சின்ன மீன். கறுத்த உடம்பு, செதிலில் பச்சை மினுக்கம், வாலோரத்தில் பிறைபோலச் சிவப்பு. 1975-ல் லாடிகஸ் என்பவர் அதற்கு வைத்த பெயர் 'பெட்டா இம்பெல்லிஸ்'. போர் செய்யாதது என்று அர்த்தம். நாங்கள் இரண்டு ஆண் மீன்களை ஒரே போத்தலில் விட்டதை அவர் பார்த்திருந்தால் வேறு பெயர் வைத்திருப்பார்.

சரி, சாக்கடையில் வாழும் என்ற நம்பிக்கைக்கு வருவோம். அதற்கு ஒரு உண்மையான அடிப்படை உண்டு. சண்டை மீனுக்குச் செவுளோடு கூட, தலைக்குள் மடிப்பு மடிப்பாக இன்னொரு மூச்சு உறுப்பு இருக்கிறது. மேலே வந்து வாயால் காற்றை எடுத்து அதில் நிரப்பிக்கொள்ளும். இந்தப் பெரிய குடும்பத்தில் நமக்கு நன்றாகத் தெரிந்த ஒருவர் உண்டு: பனையேறிக் கெண்டை. இங்கே ஈக்கான் புயு. 1791-ல் தரங்கம்பாடியில் டால்டோர்ஃப் என்ற டேனிஷ் அதிகாரி, குளத்தோரம் நின்ற பனைமரத்தில் தண்ணீருக்கு மேலே ஐந்தடி உயரத்தில் இந்த மீனைப் பிடித்ததாக எழுதினார். ஐரோப்பாவில் பலர் நம்பவில்லை. நம் ஊரில் அந்தப் பெயரே அதற்குச் சாட்சி. மரம் ஏறுமா என்பது கிடக்கட்டும். தண்ணீர் வற்றிய வயலில், காற்றில்லாத சேற்றுநீரில் இந்தக் கூட்டம் பிழைத்துக்கொள்ளும் என்பது உண்மை.

ஆனால் இங்கேதான் ஒரு சறுக்கல். பிராணவாயு குறைந்த நீரைத் தாங்குவது ஒன்று, அழுக்கு நீரைத் தாங்குவது வேறொன்று. மீன் தன் கழிவைப் பெரும்பாலும் செவுள் வழியாக அமோனியாவாக வெளியேற்றுகிறது. தின்னாமல் அழுகும் தீனியிலிருந்தும் அமோனியாதான் வரும். வெளியே அமோனியா கூடிவிட்டால் உள்ளே இருப்பது வெளியேற முடியாது. செவுள் எரியும், உடம்பின் வழவழப்புப் பூச்சு கெடும், துடுப்பின் மெல்லிய தோல் முதலில் சேதமாகும். மேலே வந்து எவ்வளவு காற்றை விழுங்கினாலும் இதற்கு உதவாது. வயல் ஆழமில்லாததுதான், ஆனால் அது ஏக்கர் கணக்கில் பரந்தது. செடி, பாசி, சேறு, சேற்றில் கோடிக்கணக்கான நுண்ணுயிர், மேலே மழை. ஒரு ஏக்கர் வயலுக்கு அடுத்ததாக ஊறுகாய்ப் போத்தலை வைத்து 'ரெண்டும் கொஞ்சம் தண்ணிதானே' என்று சொல்வது பெரிய அநியாயம்.

அந்த நுண்ணுயிர்களின் கதையில் ஒரு அப்பாவும் மகனும் வருகிறார்கள். ராபர்ட் வாரிங்டன் லண்டனில் ஒரு வேதியியலாளர். 1850-ல் கண்ணாடித் தொட்டியில் தங்கமீன்களோடு நீர்ச்செடியையும் நத்தையையும் சேர்த்து வைத்து, தண்ணீரை மாற்றிக்கொண்டே இருக்காமல் உயிர்களை எப்படிப் பிழைக்க வைக்கலாம் என்று காட்டினார். 'அக்வேரியம்' என்ற சொல்லை பிலிப் காஸ் தன் 1854 புத்தகத்தால் பரப்பியது அதற்குப் பிறகு. செடி பிராணவாயு தருகிறது, மீன் கரியமில வாயு தருகிறது, நத்தை அழுகலைத் தின்கிறது: சமநிலை இதுதான் என்று அப்பா வாரிங்டன் நினைத்தார். கணக்கில் பாதிதான் சரி. மீதிப் பாதியைத் திறந்தவர்களில் ஒருவர் அவர் மகன். அவருக்கும் அதே பெயர். அவர் மீன் பக்கம் போகவில்லை. ரோதாம்ஸ்டெட் பண்ணையில் மண்ணை ஆராய்ந்தார். மண்ணில் அமோனியா முதலில் நைட்ரைட்டாகவும் பிறகு நைட்ரேட்டாகவும் மாறுகிறது, இரண்டு படிகளையும் இரண்டு வேறு நுண்ணுயிர்கள் செய்கின்றன என்று காட்டினார். அவற்றைப் பிரித்தெடுக்க அவரால் முடியவில்லை. 1890 வாக்கில் வினோகிராட்ஸ்கி அதைச் செய்தார்.

மகன் மண்ணில் கண்டதுதான் அப்பாவின் தொட்டியில் நடந்துகொண்டிருந்தது. அமோனியா விஷம். நைட்ரைட்டும் விஷம். நைட்ரேட் அந்த அளவு இல்லை. வாரம் ஒருமுறை கொஞ்சம் தண்ணீர் மாற்றினால் குறைந்துவிடும். இந்த நுண்ணுயிர்கள் தண்ணீரில் மிதப்பதைவிடக் கல்லிலும் வடிகட்டிப் பஞ்சிலும் ஒட்டி வாழ்பவை. புதுத் தொட்டியில் அவை குடியேற நாலு முதல் ஆறு வாரம் ஆகும். இதை மட்டும் தெரிந்துகொண்டால் மீன் வளர்ப்பில் பாதி முடிந்தது.

அமோனியா எனக்குப் பாடப்புத்தகத்தில் அறிமுகமான பொருள் அல்ல. அது அப்பாவின் சட்டை வாசம்.

கமுந்திங்கிலிருந்து மோட்டார் சைக்கிளில் அரை மணி நேரத்தில் ஒரு ரப்பர் தோட்டம். இப்போது முழுதும் செம்பனை. அப்பா அங்கே பால் ஸ்டோரில் வேலை செய்தார். மரத்தில் வெட்டிய பால் ஸ்டோருக்கு வருவதற்குள் திரைந்துவிடக் கூடாது. அதற்காக அமோனியா சேர்ப்பார்கள். ஸ்டோருக்கு வந்த பிறகு, ஷீட் போடும் பாலுக்கு ஆசிட் ஊற்றி உறைய வைப்பார்கள். உறைந்த கட்டியிலிருந்து பிரியும் நீர், கழுவிய நீர் எல்லாம் சிமெண்டு வாய்க்கால் வழியாக வெளியே போகும். அதில் அமோனியா, புரதம், சர்க்கரை எல்லாம் கலந்திருக்கும். இரண்டு நாளில் அந்த வாடை லயத்து வீடு வரைக்கும் வரும். அப்பா வேலை முடிந்து வந்தால் கண் சிவந்திருக்கும். குழாயடியில் ரொம்ப நேரம் முகம் கழுவுவார். அம்மா கேட்டால், "பழகிருச்சு" என்பார்.

ஸ்டோருக்கு மேற்பக்கம் இருந்த அல்லூரில் சண்டை மீன் கிடைக்கும். கீழ்ப்பக்கம் கிடைக்காது. எங்களுக்குத் தெரிந்த நிலவியல் அவ்வளவுதான். ஏன் என்று நாங்கள் கேட்டதில்லை. 1974-ல் சுற்றுச்சூழல் தரச் சட்டமும், 1978-ல் ரப்பர் ஆலைக் கழிவுக்கென்றே தனி விதிமுறைகளும் வந்தன. ஆற்றில் விடுமுன் கழிவைச் சுத்திகரிக்க வேண்டும், அளவு தாண்டக் கூடாது என்றெல்லாம் எழுதினார்கள். அதுவரை பல பத்தாண்டுகளாக மலாயாவின் ஆறுகள் அந்தக் கழிவைச் சும்மா வாங்கிக்கொண்டிருந்தன.

அதற்கும் முன்னால் அல்லூருக்கு இன்னொரு சோதனை இருந்தது. 1901 முதல் கிள்ளானில் மால்கம் வாட்சன் மலேரியாவோடு மல்லுக்கட்டினார். தோட்டம் போடக் காட்டை வெட்டியதும் மலையடி ஓடைகள் வெயிலுக்குத் திறந்துகொண்டன. அப்படித் திறந்த தெளிந்த நீரில் பெருகும் ஒரு வகைக் கொசுதான் மலைப்பாங்கான தோட்டங்களில் ஆட்களைச் சாய்த்தது. வடிகால் போடுவது, தண்ணீர் மேல் எண்ணெய் தெளிப்பது என்று வழிகள் கண்டார்கள். உயிர்கள் பிழைத்தன, அதில் சந்தேகமே இல்லை. ஆனால் கொசுப்புழுவைத் திணறடித்த எண்ணெய்ப் படலம், மேலே வந்து மூச்சு வாங்க வேண்டிய மீனையும் சும்மா விட்டிருக்காது. கொசுப்புழுவை விரும்பித் தின்கிற மீன் அது என்பதுதான் இதில் வருத்தம்.

'அதுக்கு இது போதும்' என்ற வாக்கியத்தை நான் முதலில் கேட்டது அந்தத் தோட்டத்தில்தான். லயத்துக்குக் குழாய் போதவில்லை, இருபது வீட்டுக்கு ஒரு குழாய்தான் என்று கேட்கப் போனபோது பெரியவர்களுக்குக் கிடைத்த பதிலின் சாரம் அது. இவர்கள் பழகியவர்கள், தாங்குவார்கள். தாங்குவதைப் பார்த்துவிட்டு, அதுவே அவர்களின் தேவை என்று முடிவு கட்டுவது. மீனையும் மனிதனையும் ஒன்றாக்கவில்லை. இரண்டிலும் ஒரே தர்க்கம் வேலை செய்வதைத்தான் சொல்கிறேன். சண்டை மீன் போத்தலில் மூன்று மாதம் சாகாமல் இருக்கும். சாகாமல் இருப்பது வாழ்வது ஆகாது.

எங்கள் மீன்களுக்கும் வால் கரைந்தது. ஹார்லிக்ஸ் போத்தலில் வைத்தால் ஒரு வாரத்தில் ஓரம் வெளுத்து நூல் நூலாகும். அதற்கு எங்களிடம் ஒரு வைத்தியம் இருந்தது. தோட்டத்துக் கிளினிக்கில் டிரசர் எங்கள் முழங்கால் காயத்துக்குத் தடவும் மஞ்சள் மருந்து, ஊபாட் கூனிங். ஒரு பஞ்சில் கொஞ்சம் வாங்கி வந்து போத்தலில் பிழிவோம். தண்ணீர் மஞ்சளாகும். சில மீன் பிழைத்தது, பல செத்தது. அந்த மருந்தின் பெயர் அக்ரிஃப்ளேவின். பால் ஏர்லிக்கின் ஆய்வுக்கூடத்தில் 1912-ல் உருவானது. முதல் உலகப் போரில் சிப்பாய்களின் காயத்துக்குப் போட்டார்கள். மீன் மருந்துக் கடையில் இன்றும் அது இருக்கிறது. பக்கத்திலேயே நிற்கும் நீல மருந்து மெத்திலீன் புளூ. 1876-ல் துணிக்குச் சாயமாகப் பிறந்தது. 1891-ல் அதே ஏர்லிக்கும் குட்மானும் மலேரியா நோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்த்தார்கள். தோட்டத்து நோய்களின் வரலாறும் மீன் கடை அலமாரியும் இவ்வளவு நெருக்கம் என்று எனக்கு முன்பு தெரியாது.

சிறுவர்களாக நாங்கள் செய்த தவறு மருந்தில் இல்லை, வரிசையில். துடுப்பு அழுகலை உண்டாக்கும் ஏரோமோனாஸ், சூடோமோனாஸ் போன்ற பாக்டீரியா எந்தத் தண்ணீரிலும் எப்போதும் இருப்பவை. நல்ல தண்ணீரில் நல்ல மீனை அவை ஒன்றும் செய்யாது. அமோனியாவில் தோல் வெந்த பிறகுதான் நுழைகின்றன. தண்ணீரை அப்படியே விட்டுவிட்டு மருந்தை மட்டும் ஊற்றுவது, அடுப்பை அணைக்காமல் தீப்புண்ணுக்கு மருந்து தடவுவது மாதிரி. போதாக்குறைக்கு இந்த மஞ்சள், நீல மருந்துகள் அமோனியாவைத் தின்னும் நல்ல நுண்ணுயிர்களையும் சேர்த்துக் கொன்றுவிடும். கொடுத்தே ஆகவேண்டும் என்றால் தனிப் பாத்திரத்தில் வைத்துத்தான் கொடுக்க வேண்டும்.

துடுப்பு கிழிவதெல்லாம் அழுகல் அல்ல. ஒரே இரவில் பிறை பிறையாகக் காணாமல் போய், வெட்டு சுத்தமாக இருந்தால் மீனே தன் வாலைக் கடித்திருக்கிறது. 1980களின் பிற்பகுதியிலும் 90களிலும் பிரான்சிலும் அமெரிக்காவிலும் வளர்ப்பாளர்கள் உருவாக்கிய அரைவட்ட வால் மீன்களில் இது சகஜம். அந்த வாலின் கனத்தை இழுத்துக்கொண்டு நீந்துவதே அவற்றுக்குப் பாடு. நேர்கோட்டில் ஒரு கிழிசல் என்றால் பிளாஸ்டிக் செடி காரணமாக இருக்கலாம். ஓரம் கறுத்தோ சிவந்தோ வெளுத்தோ, நாளுக்கு நாள் உள்ளே நகர்ந்தால் அது அழுகல். முதுகில் சேணம் போட்டதுபோல வெளுப்பு வந்து இரண்டே நாளில் பரவினால் அது வேறு. 1922-ல் அமெரிக்காவில் டேவிஸ் முதலில் விவரித்த காலம்னாரிஸ். அதற்குக் காத்திருக்க நேரமில்லை. மீன் வைத்தியம் தெரிந்தவரிடம் கேட்டு மருந்து கொடுக்க வேண்டும்.

அண்ணன் மகளின் மீனுக்கு அழுகல்தான். கேட்டுப் பார்த்ததில் விஷயம் தெரிந்தது. இரண்டு வாரத்துக்கு ஒருமுறை அண்ணன் தண்ணீரை முழுவதும் கொட்டி, கற்களைக் குழாயில் நன்றாகக் கழுவி, குழாய்த் தண்ணீரையே நேராக நிரப்புகிறார். சுத்தமாக வைத்திருக்கிறோம் என்றுதான் அவர் நினைப்பு. கழுவும்போது நல்ல நுண்ணுயிர் போய்விடுகிறது. குழாய்நீரின் குளோரின் மிச்சத்தையும் கொல்கிறது. பிறகு இரண்டு வாரம் அமோனியா ஏறிக்கொண்டே போகிறது.

இங்கேதான் கமுந்திங்கின் மெல்லிய தண்ணீர் இன்னொரு வேலை காட்டுகிறது. அமோனியா தண்ணீரில் இரண்டு வடிவில் இருக்கும். புளித்த நீரில் பெரும்பகுதி அவ்வளவாகக் கெடுதல் செய்யாத அம்மோனியமாக மாறிக் கிடக்கும். நம் ஊர் வெப்பத்தில் பி.ஹெச். 7 என்றால் விஷ வடிவம் ஒரு சதவிகிதத்துக்கும் குறைவு. பி.ஹெச். 8-க்குப் போனால் அது ஆறேழு சதவிகிதம். சுண்ணாம்புச் சத்துக் குறைந்த நீர் போத்தலில் நாளாக ஆகப் புளிக்கும். அமோனியா ஏராளமாகச் சேர்ந்தும் மீன் தாக்குப்பிடிக்கும். ஒருநாள் ஞானம் வந்து பாதித் தண்ணீரை மாற்றுவோம். மெல்லிய நீருக்குச் சுண்ணாம்பு சேர்த்துப் பி.ஹெச்.சை உயர்த்துவது சுத்திகரிப்பு நிலையங்களின் வழக்கம். அந்தக் குழாய்நீர் உள்ளே போனதும் தூங்கிக்கொண்டிருந்த அம்மோனியம் விஷமாக எழுந்துகொள்ளும். 'தண்ணி மாத்தினேன், மறுநாளே செத்துருச்சு' என்று பலர் சொல்வதற்கு இது ஒரு காரணம். ஈப்போவின் கடினமான நீரில் இந்தத் தூக்கமே கிடையாது. அமோனியா சேரச் சேர நேராக விஷம்தான். ஆகவே கெட்டுப்போன தண்ணீரை ஒரேயடியாக மாற்றாமல் கொஞ்சம் கொஞ்சமாகப் பல தடவை மாற்ற வேண்டும்.

கடையில் சொட்டுமருந்துப் பரிசோதனைப் பெட்டி ஒன்று வாங்கினோம். சின்னக் குழாயில் தொட்டித் தண்ணீரை எடுத்துச் சொட்டு விட்டால் மஞ்சள் என்றால் அமோனியா இல்லை. பச்சை ஏற ஏற ஆபத்து. போத்தல் தண்ணீர் கரும்பச்சை காட்டியது. அண்ணன் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு அட்டையையும் குழாயையும் மாறி மாறிப் பார்த்தார். ஒன்றும் பேசவில்லை.

பிறகு செய்ததெல்லாம் சாதாரண வேலைதான். 15 லிட்டர் தொட்டி ஒன்று, மெதுவாக ஓடும் பஞ்சு வடிகட்டி. பிளாஸ்டிக் செடிக்குப் பதில் உயிர்ச்செடி. குழாய்நீரைப் பிடித்து, குளோரின் முறிக்கும் மருந்து விட்டு, ஒரு நாள் வைத்திருந்து ஊற்றினோம். முதல் மூன்று வாரம் தினமும் கால்பங்கு மாற்றினோம். தீனி ஒருவேளை, சின்ன உருண்டை நாலைந்து. செடியோடு உப்பு ஒத்துப்போகாது என்பதால் முதல் பத்து நாள் மீனைத் தனி வாளியில் வைத்து, லிட்டருக்கு ஒரு கிராம் கல்லுப்பு. அந்த வாளியிலும் தினம் தண்ணீர் மாற்றம். மஞ்சள் மருந்து தேவைப்படவில்லை.

பக்கத்து வீட்டு மலாய்க்கார பாச்சிக் காய்ந்த கெத்தாப்பாங் இலை இரண்டு கொடுத்தார். நாட்டு வாதுமை மர இலை. தாய்லாந்தில் சண்டை மீன் வளர்ப்பவர்கள் தலைமுறை தலைமுறையாகப் போடுவது. அதிலிருந்து இறங்கும் துவர்ப்பு நீரைத் தேநீர் நிறமாக்கிக் கொஞ்சம் புளிக்க வைக்கும். பாக்டீரியாவை ஓரளவு அடக்குகிறது என்று தாய்லாந்து ஆய்வாளர்கள் திலாப்பியா நோய்க்கிருமிகளை வைத்துப் பார்த்திருக்கிறார்கள். அதை மருந்து என்று நம்பித் தண்ணீர் மாற்றுவதை நிறுத்திவிடக் கூடாது. துணைக்கு வைத்துக்கொள்ளலாம்.

மூன்றாவது வாரம் கறுத்த ஓரத்துக்கு வெளியே கண்ணாடித்தாள் மாதிரி நிறமே இல்லாத ஒரு விளிம்பு தெரிந்தது. அண்ணன் மகள் பயந்துவிட்டாள், மறுபடி நோய் என்று. இல்லை, புதுத் துடுப்பு அப்படித்தான் முளைக்கும். நிறம் பிறகு ஏறும். இரண்டு நரம்புகள் கோணலாக வளர்ந்தன. அந்தக் கோணல் அப்படியேதான் இருக்கும்.

"பெருசானதும் லேக் கார்டன் குளத்துல விட்டுடலாமா சித்தப்பா?" என்று கேட்டாள். நல்ல மனதோடு கேட்ட கேள்வி. வேண்டாம் என்றேன். 2022-ல் வெளிவந்த ஒரு மரபணு ஆய்வு, வளர்ப்புச் சண்டை மீன்களுக்கும் காட்டு இனங்களுக்கும் இடையே இரண்டு பக்கமும் கலப்பு நடந்திருப்பதைக் காட்டியது. நாம் கருணையோடு விடுகிற கடை மீன், எஞ்சியிருக்கும் ஈக்கான் லாகாவின் வம்சத்தைக் கலைத்துவிடும். தாய்லாந்து 2019-ல் சண்டை மீனைத் தன் தேசிய நீர்வாழ் உயிரினமாக அறிவித்துக்கொண்டது. நம் அல்லூர் மீனுக்கு அப்படி யாரும் இல்லை.

திரும்பும் வழியில் பழைய தோட்டத்துப் பக்கம் வண்டியைத் திருப்பினேன். லயம் இல்லை, ஸ்டோரின் சிமெண்டுத் தரை மட்டும் செம்பனைக்கு நடுவே கிடந்தது. மேற்பக்கத்து அல்லூரில் கொஞ்ச நேரம் குனிந்து பார்த்தேன். நுரைக்கூடு ஏதும் கண்ணில் படவில்லை. மழைக்குப் பிறகு வந்தால் இருக்கலாம். அப்பா இருந்திருந்தால் அவரிடம் அந்த அமோனியாவைப் பற்றி, அந்தச் சிவந்த கண்ணைப் பற்றிக் கேட்டிருப்பேன். 'பழகிருச்சு' என்று சொன்னபோது நாங்கள் அதை நம்பிவிட்டோம்.

நேற்று இரவு அண்ணனிடமிருந்து ஒரு குரல் பதிவு. பின்னால் டிவி சத்தம். "டேய், இப்பதான் டெஸ்ட் பண்ணேன். மஞ்சளாதான்டா இருக்கு."